காவோர் ஒயின் கறுப்பா, காய்ச்சியதா?

விண்மீன்: மால்பெக் அர்ஜென்டினாவின் திராட்சை. பிரான்ஸில் லோத் ஆற்றங்கரையில் இருக்கிற காவோர்க்காரர்கள் அந்தப் பேருக்கு மவுசு வந்த பிறகுதான் லேபிளில் மால்பெக் என்று போட்டுக்கொண்டார்கள். காவோர் ஒயினைக் "கறுப்பு ஒயின்" என்பதும் வெறும் விளம்பரம்.

கரோன்: படித்ததும் எரிச்சல் வந்தது. அர்ஜென்டினாவின் மெண்டோசாவுக்கு மால்பெக் போனதே 1853-ல், மிஷேல் பூஜே என்ற பிரெஞ்சுக்காரர் மூலமாக. காவோரில் அதற்குக் கோ என்றும் ஒசெருவா என்றும் பேர். லேபிளில் எழுதாவிட்டால் கொடி இல்லாமல் போய்விடுமா? விதிப்படியே 70 சதவீதம் மால்பெக் இருக்க வேண்டும், மீதிக்கு மெர்லோ, தன்னா என்ற வேறு திராட்சைகள். கறுப்பு என்ற பேரும் நேற்று வைத்ததில்லை.

விண்மீன்: கறுப்பு எப்படி வந்தது? அந்தக் காலத்தில் சாற்றைக் காய்ச்சினார்கள். காய்ச்சினால் எந்தத் திராட்சையும்தான் கறுக்கும்.

கரோன்: ஒரு பகுதியைத்தான் காய்ச்சிச் சேர்த்தார்கள். நிறம் தோலிலேயே இருக்கிறது. நான் அங்கே குலை வெட்டப் போயிருந்தேன், விரல் இடுக்கில் பிடித்த கறை எலுமிச்சை தேய்த்தும் நாலு நாள் போகவில்லை. அதை யார் காய்ச்சினார்கள்?

முகில்: கைக்கறை ஆதாரமா அண்ணே? நாவல் பழம் தின்றால் நாக்கும்தான் கறுக்கும்.

சாரல்: அது கஹோர்ஸ் இல்லையா?

கரோன்: இல்லை. ஊர்ப் பேரையே சொல்லத் தெரியாமல் ஒயினைப் பற்றி வந்துவிடுகிறார்கள்.

சாரல்: சந்தேகம் கேட்டது ஒரு குற்றமா? உங்களிடம் எப்போதுமே இந்தத் திமிர்தான்.

கரோன்: திமிர் இல்லை, வயிற்றெரிச்சல். லோத் வழியாகப் படகில் இறங்கி வந்த ஒயினைப் போர்தோ துறைமுக நகரத்துக்காரர்கள் முதலில் தங்கள் ஒயின் விற்கட்டும் என்று கிறிஸ்துமஸ் வரை துறைமுகத்தில் நிறுத்தி வைத்தார்கள். 1776-ல் பிரெஞ்சு அமைச்சர் துர்கோ வந்துதான் அந்தச் சலுகையை ஒழித்தார். அப்புறம் திராட்சைக் கொடியின் வேரை அழிக்கும் பைலாக்ஸெரா பூச்சி, அதிலிருந்து முழுசாக எழுவதற்குள் 1956 பிப்ரவரி உறைபனியில் கொடிகள் பட்டுப்போயின. திரும்ப நட்டு வளர்த்து 1971-ல் தங்கள் ஒயினுக்கு ஊர்ப் பேரின் உரிமையை வாங்கினார்கள். இவர்களையா இரவல் பேரில் பிழைக்கிறவர்கள் என்கிறீர்கள்?

விண்மீன்: நான் வரலாறு கேட்கவில்லை. கறுப்பு காய்ச்சியதால் வந்ததா இல்லையா? அர்ஜென்டினாவில் மால்பெக் 40,000 எக்டேருக்கு மேல், காவோரில் எவ்வளவு?

கரோன்: போன தடவை போர்தோ மண்ணைப் பற்றிப் பேசியபோதும் பதில் இல்லாமல் எக்டேர் கணக்குக்குள் போய் ஒளிந்தீர்கள், நான் மறக்கவில்லை. இன்றைக்குப் பொதுவாகக் காய்ச்சுவதில்லை. கண்ணாடிக் குவளையில் ஊற்றி வெள்ளை விரிப்பின் மேல் சாய்த்துப் பாருங்கள், அடியில் விரல் தெரிந்தால் பேசலாம்.

விண்மீன்: போன வாரமே பார்த்தேன். விரல் நன்றாகவே தெரிந்தது.

கரோன்: எந்த வருஷத்துப் பாட்டில்? ஆற்றோரப் படுகையில் விளைந்ததா, மேலே சுண்ணாம்பு மேட்டில் விளைந்ததா? அதைச் சொல்லுங்கள் முதலில்.