மறு: டெலிகேட் பட்டனுக்கு தமிழ்ல என்ன போடலாம்?

எல்லாருக்கும் வணக்கம். லேட்டா வர்றேன், ஆனா இழை முழுக்க படிச்சிட்டுதான் எழுதறேன். க்ரூசேடர் கிங்ஸ் 3ங்கிற ராஜா ஆட்டத்த (கம்ப்யூட்டர் கேம்) நாம தமிழாக்கறோம்ல, அதுல வேலைய அடுத்தவங்ககிட்ட தள்ளி விடற ‘டெலிகேட்’ பட்டனுக்கு என்ன சொல்லுன்னுதான் பேச்சு.

> ‘ஒப்படை’ன்னு போட்டு முடிச்சிடலாமே, எல்லாருக்கும் புரியும்.

புரியும் அண்ணே, தப்பா புரியும், அதான் சிக்கல். க்ரூசேடர் கிங்ஸ் 3 ஆடினவங்களுக்கு தெரியும், ராஜா கைய விட்டுப் போறது ரெண்டு வகை. ஒண்ணு ஊரையே தூக்கிக் குடுக்கறது. நேரடியா வச்சுக்கற ஊருங்களுக்கு ஒரு லிமிட் இருக்கு, அத தாண்டினா வருமானமும் படையும் அடி வாங்கும், அதனால மிச்சத்த எவனாவது சிற்றரசனுக்கு எழுதி வைக்கணும், வச்சா வச்சதுதான், காரணமில்லாம திரும்பப் புடுங்கினா கொடுங்கோலன்னு பேரு வந்துடும். இன்னொண்ணு வேலைய மட்டும் தள்ளி விடறது, வரி வசூலுக்கு ஒருத்தர், ஒற்று பாக்க ஒருத்தர், படை சேக்க ஒருத்தர்னு. பதவி, ஊரு எல்லாம் ராஜாகிட்டயேதான் இருக்கும். ‘ஒப்படை’ன்னு கேட்டா சாவிய ஒப்படைக்கறது, வீட்ட ஒப்படைக்கறதுதான் மொதல்ல ஞாபகம் வருது, அதாவது முதல் வகை. அந்த பட்டனுக்கு வேணா வச்சுக்குவோம்.

> ‘ஏவல்’ சுத்தமான சொல்லாச்சே?

சுத்தம்தான், இலக்கணத்துல ஏவல் வினைன்னு படிச்சதுதானே. ஆனா எங்க கடலூர் பக்கம் ஏவல்னு சொன்னா பில்லி சூனியமும் கூடவே வந்து நிக்கும். ஆட்டத்துல சூனியக்காரி ரகசியம்னு தனியா ஒண்ணு வேற இருக்கு, வரி வசூலிக்க ‘ஏவல்’ பட்டன அமுக்கினா ஆடறவன் என்ன நெனப்பான்?

‘தானியக்கம்’ சொன்னவங்களுக்கு: அது 2006ல வந்த மெடீவல் 2 டோட்டல் வார்ங்கிற வேற ஆட்டத்துக்கு பொருந்தும். அதுல எல்லா ஊரையும் நானே பாத்துக்கறேன்னு ஆரம்பத்துலயே டிக் பண்ணலன்னா, அரச குடும்பத்து ஆளுநர் இல்லாத ஊர கம்ப்யூட்டரே நடத்திக்கும். நம்ம ஆட்டத்துல அப்படி இல்ல, செய்யறது ஒரு மனுஷன். அவருக்கு நிர்வாகத் திறமை எவ்வளவோ அவ்வளவுதான் வரி தேறும். பெரிய சிற்றரசனுக்கு மந்திரி சபைல எடம் குடுக்கலன்னா மொறச்சுக்குவான், எடம் குடுத்த ஒற்றர் தலைவரே நமக்கு குழி பறிக்கலாம். இந்த வயித்தெரிச்சல் எதுவும் ‘தானியக்கம்’ல வரல, அதனால சொல்லுக்குள்ள ‘ஆள்’ இருக்கணும்ங்கிறது என் கட்சி.

என் பரிந்துரை: ஆள் விடு. பண்ருட்டி பக்கம் தோப்பு வச்சிருக்கறவங்கள கேளுங்க, ‘முந்திரி பொறுக்க ஆள் விட்டிருக்கேன்’னுதான் சொல்வாங்க. தோப்பு அவருது, கணக்கு சாயந்தரம் அவருக்கு வரணும், வேலை மட்டும் வேற கைல, போய் ஒரு எட்டு பாக்கலன்னா மூட்டை கொறையும். ஆட்டத்துல நடக்கறது அச்சு அசலா இதேதான். வள்ளுவரும் ‘அவன்கண் விடல்’னு இதே வினைச்சொல்லதான் போட்டிருக்கார், அவரையும் துணைக்கு வச்சுக்கறேன்.

இதவிட பெரிய லாபம் டெக்னிக்கலா. ‘ஒப்படை’ன்னா யாரிடம்னு வேற்றுமை உருபு ஒட்டணும், ஆட்டமே பேர நிரப்பற எடத்துல ‘வீரராஜேந்திரன்இடம்’, ‘குந்தவைஇடம்’னு அசிங்கமா நிக்கும், ஒவ்வொரு பேருக்கும் புணர்ச்சி பாத்து நாம எழுதி முடியாது. ‘ஆள் விடு: குந்தவை’ன்னு போட்டா வேலை முடிஞ்சது.

‘ஆளை விடு சாமி’ மாதிரி இருக்கேன்னு கிண்டல் வரும்னு தெரியும். வரட்டும். எட்டாவது தடவையா அதே ஊர்ல வரிக்கலகம்னு செய்தி வரும்போது ராஜாவும் அததானே சொல்வாரு.

> பாண்டிக்காரங்க சார்பா ‘துபாஷ்’.

பாண்டி நண்பருக்கு: பாண்டி பிரெஞ்சு கவர்னர் டூப்ளேவுக்கு துபாஷா, அதாவது மொழிபெயர்ப்பாளரா தரகரா, ஆனந்தரங்கப் பிள்ளை இருந்த மாதிரின்னு சொல்றீங்க, உதாரணம் அருமை, கவர்னர் குடுத்த வேலையும் பாத்துக்கிட்டு சொந்த வியாபாரமும் பாத்த மனுஷன், அப்படியே நம்ம மந்திரி சபை ஆளுதான். ஆனா அது 18ஆம் நூற்றாண்டு, ஆட்டம் 1453லயே முடிஞ்சுடுது. அதோட துபாஷ்ங்கிறது ஆளோட பேரு, நமக்கு வேண்டியது வினை. ‘திருவாய்க்கேள்வி’யும் அதே கதைதான், சோழர் காலத்துல ராஜா வாயால சொன்னத கேட்டு ஓலைக்கு அனுப்பின அதிகாரி அவரு, வேலைய செஞ்சவரு இல்ல. சொல்லு மட்டும் அவ்வளவு அழகு, அரண்மனைச் செயலாளர் பதவிக்கு எடுத்து வைங்க, வேற யாரும் தூக்கிட்டுப் போறதுக்கு முன்னாடி.

சின்னச் சின்ன வேலைங்களுக்கு டூல்டிப்ல (மவுஸ வச்சா வர்ற குறிப்புல) ‘எடுபிடி வேலை’ன்னே விட்டுடலாம், மந்திரிங்க செய்யற எடத்துல மட்டும் ‘அலுவல்’.

ஞாயித்துக்கிழமை ராத்திரிக்குள்ள யாரும் ஆட்சேபிக்கலன்னா ‘ஆள் விடு’வும், வாபஸ் வாங்கற பட்டனுக்கு ‘ஆளைக் கூப்பிடு’ம் ஃபைல்ல ஏத்திடறேன். மத குரு பதவிக்கு ராஜகுருவா புரோகிதரா சண்டைய தயவு செஞ்சு தனி இழைல வச்சுக்குங்க, அது மதத்துக்கு மதம் மாறும், அந்த ஃபைலே வேற.