உப்பனாற்றுக் கருஞ்சேறு: ஈரத்தில் பிஎச் 7.6, காய்ந்தபின் 3.7. எதை நம்புவது?

தோட்டம்_முதுநகர் (கேள்வி)

வணக்கம். கடலூர் முதுநகர் பக்கம் உப்பனாற்றில் சேரும் ஒரு வாய்க்காலைத் தூர்வாரி அள்ளிய கருஞ்சேறு, மூன்று டிரெய்லர் லோடு, வீட்டுப் பின்புறம் கொட்டிக் கிடக்கிறது. பள்ளத்தை மேடாக்கி முருங்கையும் கீரையும் போடத் திட்டம். கொட்டிய அன்று எடுத்த மாதிரியில் பிஎச் (அமில-கார அளவு; 7-க்குக் கீழ் அமிலம்) 7.6. ஐந்து வாரம் வெயிலில் கிடந்தபின் அதே ஆய்வகத்தில் 3.7. காட்மியம், ஈயம், துத்தநாகம் மூன்றின் மொத்த அளவும் இரண்டு அறிக்கையிலும் ஏறக்குறைய ஒன்றுதான். சேற்று வெடிப்புகளுக்குள் வைக்கோல் நிறத்தில் மஞ்சள் பூத்திருக்கிறது. அழுகிய முட்டை வாடை போய்விட்டது.

ஆய்வகம் தவறு செய்ததா? உலோகம் கூடவில்லையே, பயன்படுத்தலாமா? 40 அடி தள்ளி 22 அடி ஆழத்தில் உறைகிணறு இருக்கிறது. ஐப்பசி மழைக்கு முன் என்ன செய்ய வேண்டும்?

களிமண் (பதில்)

இரண்டு அறிக்கையும் சரிதான். மாறியது சேறு.

கழிமுகத்தில் கடல்நீரோடு சல்பேட் வருகிறது. காற்றுப்படாத சேற்றில் வாழும் பாக்டீரியாக்கள் அதைச் சல்ஃபைடாக மாற்றுகின்றன. அது இரும்போடு சேர்ந்து கறுப்பு நிற இரும்புச் சல்ஃபைடாகவும் நாளடைவில் பைரைட் என்ற இரும்பு-கந்தகத் தாதுவாகவும் படிகிறது. இது தொழிற்சாலை இல்லாத கழிமுகத்திலும், அலையாத்திக் காட்டுச் சேற்றிலும் இயல்பாக நடப்பது. ஆனால் கழிவோடு காட்மியம், ஈயம், துத்தநாகம் வந்தால் அவையும் சல்ஃபைடாகவே பூட்டிக்கொள்ளும். நீருக்கடியில் கிடக்கும்வரை பெரும்பகுதி அசையாது.

வெளியே அள்ளிக் காற்றுப்பட்டதும் பைரைட் ஆக்சிஜனோடு சேர்ந்து கந்தக அமிலமாகிறது, பூட்டு திறக்கிறது. வெடிப்பில் பூத்த அந்த மஞ்சள் பெரும்பாலும் ஜரோசைட் என்ற தாது. பிஎச் 4-க்குக் கீழே போன இடத்தில்தான் அது உருவாகும். மொத்த அளவு ஆய்வில் மண்ணை வீரிய அமிலத்தில் வேகவைத்து எல்லாவற்றையும் கரைத்துவிடுவார்கள். பூட்டியிருந்ததா, திறந்திருந்ததா என்று அந்த எண் சொல்லாது. அதனால்தான் இரண்டு அறிக்கையும் ஒன்றுபோல் இருக்கின்றன.

குவியலின் உள்பக்கம் இன்னும் கறுப்பாக இருக்கும். மீதி எவ்வளவு அமிலம் வரப்போகிறது என்று தெரிய ஒரு எளிய சோதனை உண்டு. ஒரு தேக்கரண்டி கருஞ்சேற்றைக் கண்ணாடிக் குவளையில் போட்டு, 30% ஹைட்ரஜன் பெராக்சைடைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். பெராக்சைடு கடையில் வரும்போதே அமிலமாக இருக்கும். முதலில் சில துளி நீர்த்த காஸ்டிக் சோடா கரைசல் விட்டு அதன் பிஎச்சை 5 அளவுக்குக் கொண்டுவராவிட்டால் முடிவு ஏமாற்றும். பொங்கி, கொதித்து, ஆறியபின் அளந்தால் 3-க்குக் கீழ் நின்றால் சல்ஃபைடு நிறைய மீதியிருக்கிறது. கையுறை, கண்ணாடி கட்டாயம். அந்த அடர்த்தி தோலைச் சுடும்.

ஆய்வகத்துக்கு அனுப்பும் மாதிரியில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். குவியலுக்குள் ஒன்றரை அடி தோண்டி எடுத்து, பையில் காற்றே இல்லாமல் பிதுக்கிக் கட்டி, ஐஸ் பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும். வெயிலில் உலர்த்தி அனுப்பினால் அளக்க வேண்டியது வழியிலேயே அமிலமாகிவிடும். பென்சீன் போல ஆவியாகும் பொருள்கள் இருந்தாலும் பறந்துபோய் 'இல்லை' என்று அறிக்கை வரும். 'மீதியுள்ள சல்ஃபைடு கந்தகம்', 'ஏற்கெனவே உள்ள அமிலத்தன்மை' இரண்டையும் எழுதிக் கேளுங்கள். அதுவரை சுண்ணாம்பு வாங்கி வையுங்கள்.

கிணற்றுநீர் (பதில்)

எந்தச் சுண்ணாம்பு என்று சொல்லாவிட்டால் ஆபத்து. காளவாய்ச் சுண்ணாம்பு வேண்டாம். அது பிஎச்சை 12 வரை ஏற்றும். அந்த உயரத்தில் ஈயம் திரும்பவும் கரையும், ஆர்செனிக்கும் இளகும். வேண்டியது சுடாத சுண்ணாம்புக்கல்லின் மாவு, கால்சியம் கார்பனேட். எவ்வளவு போட்டாலும் 8.3 அளவோடு நின்றுவிடும். சேற்றிலேயே கிளிஞ்சல் இருக்கிறதே என்று கணக்கில் சேர்க்காதீர்கள். பெரிய துண்டுகளின்மேல் ஜிப்சமும் துருவும் படிந்து மூடிக்கொள்ளும்.

கிணற்றைப் பற்றி: ஆற்றோர மணல் படுகையில் அமிலநீர் இறங்க அதிக நாள் பிடிக்காது. உலோகம் வரும் முன்பே சல்பேட் ஏறும். கடல்நீரில் சல்பேட், குளோரைடில் 0.14 பங்கு. இந்தக் கரையோரக் கிணறுகளில் உப்பு ஏறினாலும் அந்த விகிதம் அதிகம் மாறாது. அது 0.5-ஐத் தாண்டினால் சல்ஃபைடு அமிலம் வந்து கலக்கிறது என்று பலமாகச் சந்தேகிக்கலாம். இப்போதே ஒருமுறை அளந்து வையுங்கள், மழைக்காலம் முழுக்க இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அளந்து பாருங்கள்.

உலோகத்துக்கு எடுக்கும் நீரை முதலில் 0.45 மைக்ரான் வடிதாளில் வடித்து, பிறகே நைட்ரிக் அமிலம் சேர்க்க வேண்டும். வடிக்காமல் சேர்த்தால் மிதக்கும் வண்டலில் உள்ளதும் கரைந்து எண் ஊதிப்போகும். குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 10500-இன் வரம்பு காட்மியத்துக்கு லிட்டருக்கு 0.003 மில்லிகிராம். கொதிக்க வைத்தால் உலோகம் போகாது, நீர் வற்ற வற்ற அடர்த்தி கூடும்.

இன்னொன்று. முதல் மழையில் குவியலைச் சுற்றித் தேங்கும் தண்ணீர் கண்ணாடிபோல் தெளிவாக இருந்தால் சந்தோஷப்படாதீர்கள். அமிலம் களிமண்ணிலிருந்து அலுமினியத்தைக் கரைக்கும். அந்த அலுமினியம் கலங்கலைத் திரட்டி அடியில் இறக்கிவிடும். அதே தண்ணீர் வாய்க்காலுக்குப் போனால் மீனின் செவுளில் படிந்து மூச்சை அடைக்கும்.

தோட்டம்_முதுநகர்

நன்றி. முறைப்படி மாதிரி எடுத்து அனுப்பினேன். மீதியுள்ள சல்ஃபைடு கந்தகம் 0.6%, ஏற்கெனவே உள்ள அமிலத்தன்மை கந்தகக் கணக்கில் 0.2%. உலர் எடை சுமார் 8 டன். பாதரசத்தையும் இந்தச் சுண்ணாம்பு கட்டுமா? சரிசெய்தபின் கீரை போடலாமா?

களிமண்

கிணற்றுநீர் சொன்ன திருத்தம் சரி, நான் முன்பே தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும்.

பாதரசத்தின் கதை வேறு. அதன் சல்ஃபைடு இந்த அமிலத்தில் எளிதில் கரையாது. அதன் ஆபத்து காற்றில்லாத ஈரச் சேற்றில்தான்: சல்பேட்டைச் சல்ஃபைடாக்கும் அதே வகை பாக்டீரியாக்கள் அதை மீதைல் பாதரசமாக்கும். அது மீனின் சதைப் புரதத்தில் சேரும். தோலையும் கொழுப்பையும் நீக்கிச் சமைத்தாலும் குறையாது. எனவே இந்தச் சேற்றை மீன் குட்டைக் கரைக்கோ குட்டைக்குள்ளோ போடாதீர்கள்.

கீரை வேண்டாம். சேற்றில் உப்பு இருக்கிறது; குளோரைடு காட்மியத்தோடு சேர்ந்து அதைக் கரைந்த நிலையிலேயே வைத்திருக்கும். பிஎச் 7 ஆனாலும் இலையில் ஏறும். நெல்லும் வேண்டாம்: வயலில் நீர் நின்றால் ஆர்செனிக் இளகும், நீரை வடித்தால் காட்மியம் இளகும்.

கணக்கு: கந்தகம் மொத்தம் 0.8%. ஒரு சதவீதத்துக்கு டன்னுக்கு 31 கிலோ சுண்ணாம்புக்கல் மாவு. ஆக டன்னுக்கு 25 கிலோ. கலப்பது ஒருபோதும் சீராக அமையாது, அதனால் ஒன்றரை மடங்கு: 37.5 கிலோ. 8 டன்னுக்கு 300 கிலோ. மூட்டையில் தூய்மை 90% என்று இருந்தால் 333 கிலோ, அதாவது 50 கிலோ மூட்டை ஏழு. மாவு முகப்பவுடர் போல நைசாக இருக்க வேண்டும்.

கிணற்றிலிருந்து முடிந்தவரை தள்ளி, தரையில் முதலில் ஒரு படை மாவைத் தூவி, சுற்றி ஒரு அடி வரப்பு கட்டுங்கள். சேற்றை அரையடிப் படையாகப் பரப்பி, ஒவ்வொரு படைக்கும் அதன் பங்கைத் தூவிக் கொத்திக் கலக்குங்கள். குவியலின்மேல் மொத்தமாகக் கொட்டினால் உள்ளே அமிலம் அப்படியே இருக்கும். இரண்டு வாரம் கழித்து பத்து இடத்தில் பிஎச் பாருங்கள், 6.5-க்குக் கீழ் உள்ள இடத்தில் மறுபடி கலக்கவும். அதன்பின் ஒன்றரை அடி நல்ல களிமண் போட்டு மூடி, புல் வளர விடுங்கள். புரட்டாசிக்குள் முடியாவிட்டால் தார்ப்பாய் போட்டு ஓரங்களைக் கல்லால் அழுத்தி வையுங்கள், குவியலைக் கிளறவே வேண்டாம்.