சம்பளச் சீட்டும் காணி உறுதியும்: திருகோணமலையில் வீடு தேடுவோருக்கான அனுபவப் பகிர்வு

கணக்காளர், உவர்மலை

2025 ஏப்ரலில் வருமான வரி குறைந்தது உண்மை. யாருக்குக் குறைந்தது என்பதைக் கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். 2023 ஜனவரியிலிருந்து மாதம் ஒரு இலட்சத்துக்கு மேல் எடுத்தால் வரி. இப்போது ஒன்றரை இலட்சத்துக்கு மேல். இரண்டு இலட்சம் எடுப்பவருக்கு முந்தி 10,500 ரூபா வெட்டினார்கள், இப்போது 3,000. இரண்டரை இலட்சத்துக்கு 21,000 இருந்தது, 8,000 ஆகியிருக்கிறது. ஆனால் 2020 முதல் 2022 வரை மாதம் இரண்டரை இலட்சம் வரைக்கும் ஒரு சதமும் வெட்டவில்லை. வீட்டுக்கடன் வட்டியையும் ஒரு வரம்புக்குள் கழிக்க இடமிருந்தது. அந்தக் கழிவை 2023 ஜனவரியில் எடுத்துவிட்டார்கள். 2025 திருத்தத்திலும் அது திரும்பி வரவில்லை. வீடு கட்டப் போகிறவருக்கு இதுதான் பெரிய இழப்பு, பேசுவார்தான் இல்லை.

ஒன்றரை இலட்சத்துக்குக் கீழே எடுப்பவருக்கு இந்தத் திருத்தத்தால் கிடைத்தது அதிகம் போனால் 3,500 ரூபா. ஒரு இலட்சத்துக்குக் கீழே என்றால் ஒன்றுமே இல்லை. அவரிடம் வரி வாங்கும் இடம் ஹார்ட்வெயார் கடை. வற் வரி (பெறுமதி சேர் வரி) 2019 டிசம்பரில் 8 வீதம். 2022 ஜூனில் 12, செப்டெம்பரில் 15. 2024 ஜனவரியில் 18. வற் சேர்க்காமல் 20 இலட்சம் பெறுமதியான சீமெந்து, கம்பி, தரை ஓடு வாங்கினால் அன்று 160,000 வரி, இன்று 360,000. பொருளின் விலைக்குள்ளே 2.5 வீத சமூகப் பாதுகாப்பு உதவுதொகை அறவீடும் ஒளிந்திருக்கிறது. பத்து வருடத்துக்கு முன் கட்டியவரின் மதிப்பீட்டுத் தாளை வைத்துக்கொண்டு இன்றைக்கு அத்திவாரம் வெட்டாதீர்கள்.

இரண்டு இடத்தில் வேலை செய்கிறவர்கள் (பகலில் அரச வேலை, மாலையில் தனியார் நிறுவனம்) பிரதான தொழில் எது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் எது பிரதானம் என்பது குழம்பி வெட்டும் பிழைக்கும். பிறகு நவம்பர் 30க்குள் வருமான விபரத்திரட்டு போட்டுத்தான் சரிக்கட்டலாம்; அதற்குத் தொழில்தருநர், வெட்டிய வரியைக் காட்டித் தரும் டி10 பத்திரம் கையில் இருக்க வேண்டும். நிலையான வைப்பில் வாழும் அப்பா அம்மாவுக்கு ஒரு சொல்: வட்டியில் இப்போது 10 வீதம் பிடிக்கிறார்கள். வருட வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டாவிட்டால், டின் இலக்கத்துடன் (வரி செலுத்துவோர் அடையாள இலக்கம்) வங்கியில் சுயபிரகடனம் கொடுத்து அதை நிறுத்தலாம்.

தொழிற்சங்க உறுப்பினர், சீனக்குடா

கணக்காளர் அண்ணை சொன்ன ஒன்றரை இலட்சம் இங்கே ஆலைகளில் நிற்கிற பொடியங்களுக்குக் கனவு. தேசிய குறைந்தபட்ச வேதனம் 2016இல் 10,000, 2021இல் 12,500, 2024இல் 17,500, 2025 ஏப்ரலில் 27,000, 2026 ஜனவரியிலிருந்து 30,000. ஏறினது ஏறினதுதான். ஆனால் 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தை ஒட்டி நின்றது. அதற்குப் பிறகு விலை ஏறும் வேகம் குறைந்ததே தவிர, ஏறிய விலை பழைய இடத்துக்கு இறங்கவில்லை.

சம்பளச் சீட்டில் முதலில் பார்க்க வேண்டியது அடிப்படைச் சம்பளம். கையில் 60,000 வருகிறது, அதில் அடிப்படை 30,000, மிச்சம் 'வருகைப் படி', 'ஊக்குவிப்பு' என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு நீங்கள் 8, நிறுவனம் 12, மொத்தம் 20 வீதம். அது 30,000க்கு மட்டும் போனால் மாதம் 6,000. முழுத் தொகைக்கும் போயிருந்தால் 12,000. பத்து வருடத்தில் வட்டி சேர்க்காமலே 720,000 ரூபா குறைவு. மேலதிக நேரக் கொடுப்பனவுக்குச் சேமலாபம் இல்லை, அது சட்டம். வாழ்க்கைச் செலவுப் படிக்கும் விடுமுறைச் சம்பளத்துக்கும் உண்டு. பெயரை மாற்றி எழுதித் தப்பிக்கும் இடங்களை மாவட்டத் தொழில் அலுவலகத்தில் கேள்வி கேட்கலாம். நிறுவனம் அடுத்த மாத முடிவுக்குள் கட்டாவிட்டால் பிந்தும் காலத்தைப் பொறுத்து 5 முதல் 50 வீதம் வரை மேலதிகக் கட்டணமும் விழும்.

இந்தத் தொகை வீட்டுக்கு ஏன் முக்கியம் என்றால், 10 வருடம் பங்களித்து, கணக்கில் குறைந்தது 3 இலட்சம் இருப்பவர் வீட்டுத் தேவைக்கு 30 வீதம் வரை, ஆகக்கூடியது 20 இலட்சம், முன்கூட்டி எடுக்கலாம். எடுக்காமல் கணக்கில் உள்ள தொகையைப் பிணையாகக் காட்டி வீட்டுக்கடன் பெறவும் வழி இருக்கிறது. விண்ணப்பம் திரும்பி வருவதற்கு வழமையான காரணம் அடையாள அட்டை: பழைய வேலையில் 'வி' எழுத்துடன் ஒன்பது இலக்கம், புதிய வேலையில் பன்னிரண்டு இலக்கம், இரண்டும் இரண்டு ஆளாகக் கிடக்கும். பெயரின் எழுத்துக்கூட்டலும் அப்படித்தான். கணக்குகளை ஒன்றாக்கிய பிறகு விண்ணப்பம் போடுங்கள். முந்திய தொழில்தருநரின் கடிதம் தேவைப்படும். நிறுவனம் மூடிப்போனால் அந்தக் கடிதம் எடுப்பது பெரும்பாடு.

வங்கிக் கடன் பிரிவு அனுபவம் உள்ளவர், நிலாவெளி வீதி

சுருக்கமாக. 50 இலட்சம், 20 வருடம், 12 வீதம் என்றால் தவணை ஏறத்தாழ 55,000. அதே கடன் 18 வீதத்துக்குப் போனால் 77,000. 2022இல் வட்டி பாய்ந்தபோது மிதக்கும் வட்டியில் நின்றவர்களுக்கு நடந்தது இதுதான். கடன் கடிதத்தில் எத்தனை வருடத்துக்கு வட்டி மாறாது, பிறகு எந்த வீதத்தோடு சேர்த்து மாறும், முந்திக் கட்டி முடித்தால் தண்டம் எவ்வளவு என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். தவணை வருமானத்தின் 40 வீதத்துக்குள் நிற்க வேண்டுமென்றால் 55,000க்கு இரண்டு பேரின் சம்பளமும் சேர்ந்து 137,000க்கு மேல் வேண்டும். ஓய்வு பெறும் வயதுக்குள் கடன் முடிய வேண்டும் என்பதால் நாற்பத்தைந்தில் வருபவருக்கு 15 வருடமே கிடைக்கும். தவணை 60,000 ஆகிவிடும்.

உறுதி எழுதும் அலுவலகத்தில் இருப்பவர், உட்துறைமுக வீதி

சம்பளம் சரியாக இருந்தும் கடன் கிடைக்காமல் போவது பெரும்பாலும் காணியில். முந்திய தலைமுறையில் பலருக்கு அரச காணி பெர்மிட்டில் (அனுமதிப்பத்திரத்தில்) கிடைத்தது. கடனில்லாமல் கொட்டில், கல்வீடு, மேல்மாடி என்று பிள்ளைகள் வளர வளரக் கட்டினார்கள். அந்த வசதி இன்றைய பிள்ளைக்கு இல்லை. அவர் அதே காணியை வங்கிக்குக் கொண்டுபோனால் வெறும் பெர்மிட்டைப் பெரும்பாலும் ஈடாக எடுக்க மாட்டார்கள். பிரதேச செயலகத்தில் அதை அளிப்பாக (அரசு காணியை உரித்தாக்கித் தரும் பத்திரமாக) மாற்ற விண்ணப்பியுங்கள். அளிப்புக் காணியையும் பிரதேச செயலாளரின் சம்மதமில்லாமல் கைமாற்ற முடியாது. பின்னுரித்தாளரை (தனக்குப் பிறகு காணி யாருக்கு என்று) நியமிக்காமல் அப்பா இறந்தால் பிள்ளைகளுக்குள் வருடக்கணக்கில் இழுபடும். இதை அவர் இருக்கும்போதே செய்து முடியுங்கள்.

உறுதிக் காணியென்றால் அடுத்தது சீதனம். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குப் போவது வழமை. இரண்டு மகள் இருந்தால் 12 பேர்ச்சைப் பாதியாகப் பிரிப்பார்கள். நகர அபிவிருத்தி விதிப்படி ஒரு துண்டு 150 சதுர மீற்றருக்கு, அதாவது ஏறக்குறைய 6 பேர்ச்சுக்குக் குறையக் கூடாது. பொதுப் பாதைக்கு நிலம் விட்டால் இரண்டு துண்டும் அதற்குக் கீழே போய்விடும், வரைபட அனுமதி நின்றுவிடும். எழுதுவதற்கு முன் சேர்வேயரைக் கொண்டு பாதையோடு சேர்த்து அளக்க வேண்டும்.

முத்திரைத் தீர்வை: விற்பனை உறுதிக்கு முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். 50 இலட்சக் காணிக்கு 199,000. நன்கொடை உறுதிக்கு முதல் 50,000க்கு 3, மிச்சத்துக்கு 2. அதே காணிக்கு 100,500. பாதி மிச்சம் என்று நன்கொடை எழுதுவார்கள். ஆனால் சீவிய உரித்தை (உயிருள்ளவரை அனுபவிக்கும் உரிமையை) பெற்றோர் வைத்துக்கொண்டால் அவர்களும் கையொப்பமிடாமல் வங்கி ஈடு எடுக்காது. மோசமான நன்றிகேட்டுக்காக நன்கொடையை நீதிமன்றம் மூலம் இரத்துச் செய்ய 2017ஆம் ஆண்டின் சட்டம் இடம் தருகிறது; அதனால் பத்து வருடம் ஆகாத நன்கொடை உறுதியைக் கண்டால் வங்கிச் சட்டத்தரணி தயங்குவார். இரண்டு வருடத்தில் கடன் எடுக்கும் எண்ணம் இருந்தால் கூடுதல் தீர்வையைக் கட்டி விற்பனையாக எழுதுவதா என்று முதலே யோசியுங்கள்.

விலையைக் குறைத்து எழுதும் பழக்கத்தை விடுங்கள். மாகாண இறைவரித் திணைக்களம் மதிப்பீட்டைப் பார்த்துக் குறையை அறவிடும். தப்பினாலும், உறுதியில் உள்ள குறைந்த தொகைதான் பிறகு நீங்கள் விற்கும்போது உங்கள் கொள்விலை. மூலதன ஆதாய வரி கூடிவிடும்.

உப்புவெளி, அலஸ்தோட்டம் பக்கம் வாங்குகிறவர்கள் கரையிலிருந்து 300 மீற்றருக்குள் கட்டக் கரையோரம் பேணல் திணைக்கள அனுமதி வேண்டுமென்பதை மறக்க வேண்டாம். இடப்பெயர்வில் உறுதி தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் உறுதிப்படுத்திய பிரதி எடுக்கலாம். உறுதி இலக்கம் தெரியாவிட்டால் அயல் காணியின் உறுதியில் எல்லைப் பெயர்களைப் பார்த்துத் தேடத் தொடங்குங்கள்.

கேள்வி, பாலையூற்று

அண்ணை, பெர்மிட் காணியை அற்றோணித் தத்துவத்தில் (காணிக்காரருக்காகச் செயற்பட அதிகாரம் தரும் பத்திரத்தில்) வாங்கலாம் என்கிறார்கள், பாதி விலை. துணிந்து போகலாமா?

உட்துறைமுக வீதி

போகாதீங்க தம்பி. தந்தவர் இறந்த அன்றே அந்தத் தத்துவம் செல்லாது. சம்மதமில்லாமல் கைமாறியதென்று தெரிந்தால் பெர்மிட்டையே இரத்துச் செய்யலாம். பாதி விலை அதற்குத்தான். அந்தக் காசுக்கு வாடகைக்கு இருங்கள். ஆனால் ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை நொத்தாரிசு முன்னிலையில் எழுத வேண்டும். ஒரு வருட முற்பணம் கொடுத்துவிட்டு வெள்ளைத்தாள் ஒப்பந்தத்தோடு நின்றால், சுற்றுலாக் காலம் தொடங்கியதும் எழும்பச் சொல்வார்கள்.

உவர்மலை

ஒன்று விட்டுப்போச்சு. சோலைவரியை (உள்ளூராட்சி சபைக்குக் கட்டும் ஆதன வரியை) ஜனவரி 31க்குள் முழு வருடத்துக்கும் கட்டினால் 10 வீதம் கழிவு. கழிவைவிட முக்கியம், பற்றுச்சீட்டில் இன்னும் தாத்தா பெயர் இருந்தால் உறுதிப் பிரதியைக் கொடுத்து மாற்றி எடுங்கள். கடன் கோவையில் அதுவும் கேட்பார்கள்.