குழந்தை அழாத பிரசவம்: மனசை விட்டுப் போகாத ஒரு நிமிஷம்

மழைத்துளி:
37ஆவது வாரம். அசைவு கம்மியா இருக்குன்னு போனேன். கலகலன்னு பேசிக்கிட்டே ஸ்கேன் எடுத்தவங்க சட்டுனு நிறுத்திட்டு, திரையைத் தன் பக்கம் திருப்பிக்கிட்டாங்க. மிச்சம் உங்களுக்கே தெரியும். வலி வர மருந்து கொடுத்தாங்க, மறுநாள் ராத்திரி பிறந்தான். ஆனா என்னை இன்னும் உறுத்துறது மூணாம் நாள்தான். குளிக்கப் போறப்ப பார்த்தா நைட்டி முன்பக்கம் முழுக்க ஈரம். பால். இப்படி வரும், நிறுத்த மாத்திரை இருக்குன்னு ஒருத்தர்கூட முன்னாடியே சொல்லலை. குழாயைத் திறந்துவிட்டுட்டுக் கீழேயே உட்கார்ந்துட்டேன்.

நீலக்குடை:
நான் அப்பா. "காட்டாதீங்க, தாங்கமாட்டா"ன்னு சுத்தி இருந்தவங்க பேச்சைக் கேட்டு மனைவிகிட்ட காட்டாம விட்டுட்டேன். நான் மட்டும் பார்த்தேன். விரல் நகமெல்லாம் வளர்ந்திருந்துச்சு. வெட்டிவிடணும்னு தோணுச்சு, வேற ஒண்ணும் தோணலை. மூணு வருஷம் ஆச்சு, "யார் ஜாடை?"ன்னு இன்னும் கேக்குறா. ஒரு போட்டோகூட எடுக்கலை நான்.

அனுபவசாலி:
எங்க அண்ணிக்கும் இப்படித்தான், தொப்புள்கொடி சுத்திக்கிச்சு. மழைத்துளி, தப்பா நினைக்காதீங்க, அசைவு குறைஞ்ச உடனே போனீங்களா, மறுநாளா? கடைசி மாசத்துல இடமில்லாம அசைவு குறையுறது சகஜம். அடுத்த தடவை இனிப்பா ஏதாவது குடிச்சுட்டு ஒரு மணி நேரம் எண்ணிப் பாருங்க. மல்லாந்து படுக்காதீங்க. வாங்கி வெச்ச துணியெல்லாம் கண்ணுல படாம எடுத்து வைங்க. சீக்கிரம் இன்னொண்ணு பெத்துக்கோங்க, எல்லாம் மறந்துடும்.

ராத்திரி டியூட்டி:
அனுபவசாலி, அந்தக் கேள்வியை நீங்க கேட்டிருக்கவே வேணாம். பிரசவ வார்டு நர்ஸ் நான். மல்லாந்து படுக்க வேணாம்னது மட்டும் சரி. கடைசி மாசத்துல அசைவோட விதம் மாறலாம், குறையக் கூடாது. குறைஞ்சா இனிப்பு குடிச்சுக்கிட்டு உட்காராம அப்பவே கிளம்பணும். கழுத்துல கொடி சுத்தி நல்லாப் பிறக்கிற குழந்தைங்க எத்தனையோ. நஞ்சுக்கொடியைப் பரிசோதிக்காம தொப்புள்கொடி மேல பழி போட முடியாது. நஞ்சுக்கொடிக் கோளாறு, தொற்று, ரத்தக்கொதிப்பு, சர்க்கரைன்னு எவ்வளவோ இருக்கு, எல்லாம் பார்த்தும் காரணமே தெரியாமப் போறதும் நிறைய. உலகத்துல 28 வாரத்துக்கு மேல இப்படிப் போற குழந்தைங்க வருஷத்துக்கு ஏறக்குறைய 19 லட்சம். அத்தனை அம்மாவும் கவனமில்லாமலா இருந்தாங்க?

என் கதை சின்னது. துணியில சுத்திக் கையில கொடுத்த குழந்தையை ரொம்ப நேரம் நெஞ்சோட வெச்சிருந்த ஒரு அம்மா, "சிஸ்டர், சூடா இருக்கே"ன்னு என்னை நிமிர்ந்து பார்த்தாங்க. அவங்க உடம்புச் சூடுதான் அது. எனக்கு வாயே வரலை.

நீலக்குடை, அந்த நகத்தைப் பத்தி உங்க வீட்ல சொல்லியிருக்கீங்களா?

நீலக்குடை:
இல்ல சிஸ்டர்.

மழைத்துளி:
மறுநாள்தான் போனேன். ராத்திரி, தூங்குறான்னு நினைச்சேன்.