தென்சென்னை மக்களவைத் தொகுதி: 1957 முதல் 2024 வரை ஒரே கோடாக வரையலாமா?

மேற்குமாம்பலம்:
தென்சென்னையின் தேர்தல் வரலாற்றை ஒரே தாளில் கொண்டுவரப் பார்க்கிறேன். வென்றவர் பட்டியல் கையில் இருக்கிறது. 1957 டி.டி.கிருஷ்ணமாச்சாரி, 1962 நாஞ்சில் மனோகரன், 1967 அண்ணா (முதலமைச்சரானதும் விலகினார்), அதே ஆண்டு இடைத்தேர்தலிலும் 1971-லும் முரசொலி மாறன், 1977, 1980 ஆர்.வெங்கட்ராமன், 1984, 1989 வைஜயந்திமாலா, 1991 ஆர்.ஸ்ரீதரன், 1996 தொடங்கி 2004 வரை நாலு தடவை டி.ஆர்.பாலு, 2009 சிட்லபாக்கம் ராஜேந்திரன், 2014 ஜெயவர்தன், 2019, 2024 தமிழச்சி தங்கபாண்டியன்.

இடறுவது மூன்று இடத்தில். கட்சிவாரி வாக்குச் சதவீதத்தை முதலிலிருந்து கடைசிவரை ஒரே கோடாக வரையலாமா? வாக்காளர்களில் எந்தச் சமூகம் எவ்வளவு என்பதற்கு நம்பத்தக்க கணக்கு உண்டா? யூடியூபில் ஆளுக்கொரு எண் சொல்கிறார்கள். மூன்றாவது, 2024 வாக்குப்பதிவு ஓரிடத்தில் 67.82 சதவீதம், இன்னோரிடத்தில் 54 என்று இருக்கிறது. எதை எடுப்பது?

எல்லைக்கல்:
வரையாதீர்கள். பெயர்தான் ஒன்று, நிலம் வேறு.

1971 வரை மாநகருக்கு வடக்கு, தெற்கு என்று இரண்டே தொகுதி. மத்திய சென்னை 1977-ல்தான் வந்தது. 1977 முதல் 2004 வரை தென்சென்னை என்றால் தியாகராயநகர், திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், சைதாப்பேட்டை, ஆலந்தூர், தாம்பரம். 2008 தொகுதி எல்லை மறுவரையறைக்குப் பிறகு விருகம்பாக்கம், சைதாப்பேட்டை, தியாகராயநகர், மயிலாப்பூர், வேளச்சேரி, சோழிங்கநல்லூர். ஆறில் மூன்று பெயர்தான் இரண்டு பட்டியலிலும் இருக்கிறது. அந்த மூன்றின் எல்லையும் பழையபடி இல்லை. திருவல்லிக்கேணி சேப்பாக்கத்தோடு சேர்ந்து மத்திய சென்னைக்குப் போய்விட்டது. ஆலந்தூரும் தாம்பரமும் ஸ்ரீபெரும்புதூருக்குப் போயின. நாலு முறை இங்கே வென்ற பாலு 2009-ல் ஏன் ஸ்ரீபெரும்புதூரில் போய் நின்றார் என்று கேட்பவர்கள் இதைப் பார்த்தால் போதும். அவருடைய பழைய தொகுதியில் ஒரு பெரும்பகுதி அங்கேதான் இருந்தது.

ஆகவே தாளை நான்காக வெட்டுங்கள்: 1957–62, 1967–71, 1977–2004, 2009-க்குப் பின். ஒவ்வொரு துண்டுக்குள்ளும் கோடு போடலாம். துண்டுகளுக்கு நடுவே இணைப்புக் கோடு வேண்டாம்.

இன்னொன்று. சதவீதத்தைவிட கூட்டணி முக்கியம், அட்டவணையில் அதற்கு ஒரு தனிப் பத்தி வையுங்கள். காங்கிரஸின் ஆர்.வெங்கட்ராமன் 1977-ல் அதிமுக தோளோடு வென்றார், 1980-ல் திமுக தோளோடு. திமுகவின் பாலு 1996, 1998-ல் தமாகாவோடு (தமிழ் மாநில காங்கிரஸ்), 1999-ல் பாஜகவோடு, 2004-ல் காங்கிரஸோடு. ஒரே ஆள், ஒரே சின்னம், கூட்டாளி மட்டும் மூன்று விதம். இதைக் குறிக்காமல் 'திமுக 4 முறை' என்று எழுதினால் பாதிதான் சொன்னதாகும்.

மாநில அலைக்கு எதிராகப் போன வருடங்களையும் குறியுங்கள். 1962-ல் மாநிலம் காங்கிரஸ் பக்கம், திமுகவுக்குக் கிடைத்ததே 7 இடம், அதில் தென்சென்னை ஒன்று. 1998-ல் அதிமுக–பாஜக அணி 39-ல் 30 எடுத்தபோது இங்கே திமுக வென்றது. 2009 நேர்மாறு. மாநிலத்தில் திமுக அணி 27, வடசென்னையும் மத்திய சென்னையும் திமுகவுக்கு, தென்சென்னை மட்டும் 32,935 வாக்கில் அதிமுகவுக்கு. தேமுதிக தனித்து நின்று அந்த வித்தியாசத்தைவிடக் கூடுதலாக வாங்கிய தேர்தல் அது என்பதையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

பூத்_கணக்கு:
மூன்றாவது கேள்விக்கு: 54.17-ஐ எடுங்கள். 67.82 என்பது 2024 ஏப்ரல் 19 மாலை 7 மணி நிலவரமாக வெளியானது. எல்லா வாக்குச்சாவடி எண்ணும் தேர்தல் ஆணையச் செயலியில் ஏறுவதற்கு முன்பு, வந்த சாவடிகளை வைத்துப் போட்ட மதிப்பீடு. சென்னையின் மூன்று தொகுதிகளும் அன்று 67-க்கு மேல் காட்டின, பிறகு தெற்கும் மத்தியும் 54 பக்கமும் வடக்கு 60 பக்கமும் இறங்கின. அன்றைய செய்தி இன்னும் இணையத்தில் அப்படியே கிடக்கிறது, அதிலிருந்து யாராவது எடுத்துப் போட்டிருப்பார்கள். பொது விதி: வாக்குப்பதிவு நாளன்று வந்த எந்த எண்ணையும் அட்டவணையில் ஏற்றாதீர்கள்.

சாவடிவாரியாக இறங்கப் போகிறீர்கள் என்றால் படிவம் 20 தான் மூலம், ஒவ்வொரு சாவடியிலும் யார் எவ்வளவு வாங்கினார் என்ற தாள் அது. மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் தளத்தில் சட்டமன்றத் தொகுதிவாரியாக இருக்கும். வழக்கமாகத் தடுக்கும் இடங்கள்:

சோழிங்கநல்லூர் சென்னைப் பட்டியலில் இருக்காது. வருவாய்த் துறைக் கணக்கில் அந்த வட்டம் 2018-லேயே சென்னை மாவட்டத்தோடு சேர்ந்தது. தேர்தல் நிர்வாகத்தில் அது இன்னும் செங்கல்பட்டு. 'சென்னை மாவட்டம், 16 தொகுதி' என்ற கோப்பை இறக்கிக் கூட்டினால், 2024 கணக்கில் தென்சென்னையில் ஆறரை லட்சத்துக்கு மேல் வாக்காளர் காணாமல் போவார்கள். மூன்றில் ஒரு பங்கு! (வடசென்னையில் திருவொற்றியூருக்கும் இதே கதை, அது திருவள்ளூர்.)

ஆறு சட்டமன்றத் தொகுதியின் தாளையும் கூட்டினால் இறுதி முடிவோடு ஒத்துவராது. பயப்பட வேண்டாம். மக்களவைத் தேர்தலில் தபால் வாக்கு சட்டமன்றத் தொகுதிக்குள் பிரியாது, கடைசியில் மொத்தமாகச் சேரும். வித்தியாசம் தபால் வாக்கு எண்ணிக்கைக்குச் சமமா என்று மட்டும் பாருங்கள். சமமில்லை என்றால் ஏதோ ஒரு பக்கம் விட்டுப்போயிருக்கிறது. 2024-ல் 41 வேட்பாளர், நோட்டாவோடு 42. ஒரு வாக்குப்பதிவு அலகில் 16 பெயர்தான் ஏறும் என்பதால் மூன்று அலகு. படிவமும் அதே அகலம். ஒரே சாவடியின் எண்கள் இரண்டு, மூன்று பக்கத்தில் பரவிக் கிடக்கும். ஸ்கேன் செய்த தாளில் நடுப்பக்கம் தலைகீழாகக்கூட இருக்கும்.

படிவத்தில் வேட்பாளர் பத்திகளின் வரிசை தேர்தலுக்குத் தேர்தல் மாறும். அங்கீகரித்த கட்சிகள் முதலில், பிறகு பதிவு பெற்ற மற்ற கட்சிகள், பிறகு சுயேச்சைகள், ஒவ்வொன்றுக்குள்ளும் அகர வரிசை. பத்தி 3 போன தடவை யாருக்கு இருந்தது என்ற நினைப்பில் ஒட்டாதீர்கள், தலைப்பைப் படித்து ஒட்டுங்கள்.

சாவடி எண்ணையும் நம்பாதீர்கள். வாக்காளர் கூடினால் ஒரு சாவடி இரண்டாகும், அதற்குப் பின்னால் உள்ள எண் எல்லாம் தள்ளிப்போகும். எண்ணை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்தின் பெயர், கட்டடத்தின் எந்தப் பக்கம், எந்தத் தெருக்கள் என்பதை வைத்து இணையுங்கள். ஒரு சாவடிக்கான வாக்காளர் உச்சவரம்பு 1,500-லிருந்து 1,200 ஆக இறங்கியபிறகு இது இன்னும் மோசம்.

ஒரு சில வரி வெறுமையாக இருக்கலாம். காலையில் சோதனைக்காகப் போடும் மாதிரி வாக்குப்பதிவை அழிக்க மறந்த இயந்திரங்களை ஒதுக்கி வைப்பார்கள். வெற்றி வித்தியாசத்தைப் பாதிக்காது என்றால் எண்ணாமலே விடுவார்கள். அதைப் பூஜ்யம் என்று ஏற்றினால் அந்தச் சாவடியில் யாருமே வாக்களிக்காத மாதிரி ஆகிவிடும்.

கரையோரம்:
சமூகக் கணக்குக்கு வருகிறேன். சுருக்கமான பதில்: அதிகாரபூர்வமாகக் கிடையாது. வாக்காளர் பட்டியலில் பெயர், உறவினர் பெயர், வீட்டு எண், வயது, பாலினம். அவ்வளவுதான். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 2011 வரை மதம், பட்டியல் சாதி, பழங்குடி மட்டும். மற்ற சாதிகளுக்கு முழுக் கணக்கு 1931-ஓடு நின்றது. யூடியூபில் 'இத்தனை சதவீதம் இவர்கள்' என்று தசம புள்ளியோடு சொன்னால் அது யாரோ ஒரு கட்சிக்காரர் வாயிலிருந்து வந்தது.

பெயரை வைத்துப் பிரிக்கும் மென்பொருளை வட இந்தியாவில் பயன்படுத்துகிறார்கள். இங்கே வேலைக்காகாது. நம் பட்டியலில் குடும்பப் பெயர் இல்லை, அப்பா பெயர்தான். 'ரமேஷ், த/பெ குமார்' என்பதிலிருந்து என்ன எடுப்பீர்கள்? முஸ்லிம், கிறிஸ்தவப் பெயர்களை ஓரளவு பிடிக்கலாம், அதிலும் கிறிஸ்தவர்களில் பலர் தப்பிவிடுவார்கள்.

பட்டியல் சாதி விகிதத்தை வார்டுவாரியாகக் கணக்கெடுப்பிலிருந்து எடுக்கலாம். ஆனால் 2011 கணக்கெடுப்பு பழைய மாநகராட்சிக்கு நடந்தது, எல்லை விரிவானது அதே ஆண்டு பின்பகுதியில். அதனால் ஒக்கியம் துரைப்பாக்கத்தையும் பள்ளிக்கரணையையும் காஞ்சிபுரம் மாவட்ட அட்டவணையில் தேட வேண்டும். 2008 மறுவரையறை ஆணையும் பழைய 155 வார்டு எண்ணில்தான் பேசுகிறது, இப்போது 200 வார்டு. பழைய 120-ம் இப்போதைய 120-ம் ஒன்றில்லை.

இதையெல்லாம்விட நிலத்தைப் பார்த்துப் பிரிப்பது பயன்படும். 'தென்சென்னை என்றால் படித்த நடுத்தர வர்க்கம், மயிலாப்பூர் மாடவீதி' என்ற படத்தை முதலில் கழற்றி வையுங்கள். மயிலாப்பூர் தொகுதிக்குள்ளேயே பட்டினப்பாக்கம், சீனிவாசபுரம் மீனவர் குடியிருப்புகளும் சாந்தோமும் இருக்கின்றன. வேளச்சேரி தொகுதியில் பெசன்ட் நகர் அடுக்குமாடிக்குக் கூப்பிடு தூரத்தில் ஊரூர் குப்பம், உள்ளே போனால் தரமணி. விருகம்பாக்கத்தில் கே.கே.நகர் அரசு ஊழியர் குடும்பங்களும் சாலிகிராமம் சினிமாத் தொழிலாளர்களும் எம்.ஜி.ஆர்.நகரும். சோழிங்கநல்லூர் தனி உலகம்: கிழக்கே குப்பங்கள், நடுவே ஓஎம்ஆர் ஐடி குடியிருப்புகள், அவற்றுக்கு ஒட்டியே கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். இந்த மூன்றும் நகரின் உள்ளிருந்து ஆற்றோரக் குடிசைகளை அகற்றிக் குடிசை மாற்று வாரியம் குடியமர்த்திய இடங்கள். மத்திய சென்னை வாக்காளராக இருந்தவர் இங்கே வந்து தென்சென்னை வாக்காளர் ஆனார், சிலருக்குப் பெயர் பழைய இடத்திலேயே நின்றது.

வாக்குப்பதிவு குறைவுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. வாடகை வீட்டை மாற்றிப் போனவர் பெயர் நீங்காமல் இருந்தால் வகுக்கும் எண் வீங்கும், சதவீதம் இறங்கும். 2024-ல் 20.23 லட்சம் வாக்காளர் என்பதை அப்படியே தலைகளாக எண்ண வேண்டாம். 2025 இறுதியில் தொடங்கிய, வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பிந்தைய பட்டியலோடு அதை ஒப்பிட்டு 'வாக்குப்பதிவு எகிறிவிட்டது' என்று யாராவது எழுதினால், முதலில் வகுக்கும் எண்ணைக் கேளுங்கள்.

மேற்குமாம்பலம்:
நன்றி. துணைக் கேள்வி ஒன்று. பாஜக 2014-ல் இல.கணேசன் இரண்டரை லட்சத்துக்கு மேல், 2024-ல் தமிழிசை 2,90,683. பத்து வருடத்தில் அவ்வளவுதான் வளர்ச்சியா?

பூத்_கணக்கு:
அப்படிக் கழிக்க முடியாது. 2014-ல் அந்த எண்ணுக்குள் தேமுதிக, பாமக, மதிமுக இருந்தன. 2024-ல் தேமுதிக எதிரணியில் அதிமுகவோடு, மதிமுக திமுகவோடு. இடையில் 2019-ல் பாஜக சின்னமே இங்கே இல்லை, கூட்டணியில் இருந்த அதிமுகவுக்கு விட்டார்கள்.

2019-ஐயும் 2024-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். திமுக 5,64,872-லிருந்து 5,16,628. அதிமுக, இரண்டிலும் ஜெயவர்தன்தான், 3,02,649-லிருந்து 1,72,491. 2019-ல் மக்கள் நீதி மய்யம் வாங்கிய 1.35 லட்சம் 2024-ல் யாருக்குப் போனது என்பதுதான் உண்மையான கேள்வி. அந்தக் கட்சி திமுக அணிக்கு ஆதரவு கொடுத்தும் திமுக வாக்கு கூடவில்லை, குறைந்தது. அதைச் சாவடிவாரியாகத்தான் துரத்த முடியும். பெசன்ட் நகர், அடையாறு சாவடிகளில் தொடங்கிப் பாருங்கள்.

'அதிமுகவும் பாஜகவும் சேர்ந்திருந்தால் ஜெயித்திருப்பார்கள்' என்றும் சொல்வார்கள். 2,90,683 + 1,72,491 = 4,63,174. திமுகவுக்கு இன்னும் 53,454 மிச்சம். அதுவும் இரண்டு கட்சி வாக்கும் சிந்தாமல் ஒன்றாகும் என்று வைத்துக்கொண்டால்.

எல்லைக்கல்:
ஒரு சின்னத் திருத்தம், சதவீதம் போடும்போது. 2014 முதல் நோட்டா இருக்கிறது. சிலர் பதிவான வாக்கால் வகுப்பார்கள், சிலர் நோட்டாவைக் கழித்துச் செல்லும் வாக்கால் மட்டும். ஒரு தாளில் இரண்டும் கலந்தால் அரை, முக்கால் சதவீதம் தானாக ஏறி இறங்கும். எதால் வகுத்தீர்கள் என்று அட்டவணைக்குக் கீழே ஒரு வரி போடுங்கள்.