சென்சார் சிக்னலோடு 2.5 வோல்ட் கூட்ட முடியவில்லை

கேள்வி:
என் சென்சார் -1 முதல் +1 வோல்ட் வரை தருகிறது. ஆர்டுயினோ ஊனோ (நிரல் எழுதி இயக்கும் சிறு போர்டு) 0 முதல் 5 வோல்ட் வரைதான் படிக்கும், அதை 0 முதல் 1023 வரையான எண்ணாகத் தரும். சிக்னலை 2.5-க்கு ஏற்றிவிடலாம் என்று, 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே இரண்டு 10 கே (10 கிலோ ஓம்) ரெசிஸ்டர் போட்டு, அவை சேருமிடத்தை ஆர்டுயினோவின் உள்ளீட்டுப் பின்னுக்கு (கால்) கொடுத்து, அதே இடத்தில் சென்சார் வயரைச் சொருகினேன். சொருகும் முன் மீட்டரில் 2.50. சொருகியதும் 0.025! சென்சார் அப்போது சும்மாதான் இருந்தது.

பதில் 1:
சென்சார் வயரோடு வரிசையில் 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போடுங்கள்.

கேட்டவர்:
போட்டேன். 2.5 வந்துவிட்டது. ஆனால் சென்சாரை +1-இல் நிறுத்தினால், ஒரு துள்ளு துள்ளிவிட்டு உடனே 2.5-க்கே திரும்பிவிடுகிறது.

பதில் 2:
கெப்பாசிட்டர் மாறுவதை மட்டும்தான் விடும். மைக்குக்குச் சரி, உங்களுக்கு ஆகாது.

முதலில் செய்தது ஏன் கெட்டது? அந்த இரண்டு 10 கே-யும் சேர்ந்து வெளியே 5 கே மாதிரிதான் தெரியும். உங்கள் 0.025-ஐ வைத்துப் பார்த்தால் சென்சார் பக்கம் சுமார் 50 ஓம். இழுபறியில் சென்சார்தான் ஜெயிக்கும்.

கிரவுண்டுக்குப் போகும் ரெசிஸ்டரைக் கழற்றி, அதைச் சென்சாருக்கும் பின்னுக்கும் நடுவே போடுங்கள். பின்னில் வருவது (சென்சார் + 5) ÷ 2. அதாவது 2 முதல் 3 வோல்ட். சிக்னல் பாதியாகும், ஆனால் நிலையாக நிற்கும். வயர் அறுந்தால் 1023 காட்டும், அது ஒரு வசதி.

அப்புறம், முதல் இணைப்பில் -1 வோல்ட்டை நேராகப் பின்னில் விட்டிருக்கிறீர்கள். -0.5-க்குக் கீழே போனால் சிப்புக்கு ஆபத்து.

கேட்டவர்:
வேலை செய்கிறது! ஆனால் மொத்த வீச்சும் 205 எண்ணிக்கைக்குள் அடங்கிவிடுகிறது. எல்எம்358 என்ற ஆப்-ஆம்ப் (சிக்னல் பெருக்கி) சிப்பில் 4 மடங்கு பெருக்கினேன்: 30 கே, 10 கே, அந்த 10 கே-யின் மறுமுனை இன்னொரு ஜோடி 10 கே-யின் நடுவில். 0.5 முதல் 4.5 வர வேண்டும். கீழே 1.0-தான், மேலே 3.6-இல் முட்டி நிற்கிறது.

பதில் 2:
இரண்டு தவறு. அந்த ஜோடியின் 5 கே உங்கள் 10 கே-யோடு சேர்ந்து 15 ஆகிவிட்டது, அதனால் 1 + 30 ÷ 10 = 4 வராமல், 1 + 30 ÷ 15 = 3 மடங்குதான் கிடைக்கும். மேலே முட்டுவது எல்எம்358-இன் குணம். 5 வோல்ட் சப்ளையில் அதற்கு மேல் ஏறாது. கிட்டத்தட்ட 5 வரை ஏறும் எம்சிபி6002 போடுங்கள், கால்கள் அதே வரிசைதான். உள்ளே இரண்டு ஆப்-ஆம்ப் இருக்கிறதே, சும்மா கிடக்கும் ஒன்றை அந்த 2.5-க்கு பஃபராக (எதை இணைத்தாலும் வோல்ட் மாறாமல் தாங்குவதாக) வையுங்கள்.

கேட்டவர்:
மாற்றினேன். 0.51 முதல் 4.48. அந்த 0.01, 0.02 ரெசிஸ்டர் பிழையா?

பதில் 2:
பெரும்பாலும் அதுதான். சென்சார் 0-இல் இருக்கும்போது வரும் எண்ணைக் குறித்துக்கொண்டு நிரலில் கழித்துவிடுங்கள். 512 என்று எழுதி வைக்காதீர்கள்.