கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கழற்றச் சொல்கிறார் மெக்கானிக்: என்ன செய்யலாம்?

வணக்கம். என் பெட்ரோல் காருக்கு 12 வயது. ஒரு வாரமாகக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் என்ஜின் பக்கம் 'டிக் டிக்' என்று சத்தம் வருகிறது, சூடானதும் அடங்கிவிடுகிறது. பானெட்டைத் திறந்து பார்த்தேன். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (என்ஜின் புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் குழாய்) என்ஜினோடு சேரும் இடத்தில், ஒரு போல்ட்டைச் சுற்றி விரல் அகலத்துக்குக் கரி படிந்திருக்கிறது. அந்த இணைப்பில் புகை கசியாமல் அடைக்கும் கேஸ்கெட் போய்விட்டது என்றுதான் நினைக்கிறேன்.

மெக்கானிக்கோ, கேட்டலிடிக் கன்வெர்ட்டர் அடைத்துக்கொண்டது, கழற்றிவிட்டு வெறும் குழாயைப் போட்டுவிடலாம் என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. அதற்குள் இருக்கும் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சுதானே கார்பன் மோனாக்சைடையும் எரியாத பெட்ரோல் ஆவியையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் பெருமளவு முறிக்கிறது? அதை எடுத்துவிட்டால் அத்தனை நஞ்சும் தெருவில் நடப்பவர்களின் நுரையீரலுக்குத்தான் போகும்.

கசிவும் உறுத்துகிறது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பின் இருக்கையில் மகள் தூங்கிக்கொண்டு வருவாள். அது காற்றுத் துளைகள் வழியாக உள்ளே வந்துவிடுமோ என்று இரண்டு நாளாக அவளை ஏற்றவே இல்லை.

அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள். புகையில் இருக்கும் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் கசிவு இருந்தால் வெளிக்காற்று புகுந்து, சென்சார் ஏமாந்து, என்ஜினுக்குக் கூடுதல் பெட்ரோல் போகும் என்று தெரியும். கன்வெர்ட்டர் கெட்டதுபோலத் தோன்ற அதுவே காரணமாக இருக்குமா? அடைப்பு உண்டா என்று பின்னழுத்தத்தை (புகை வெளியேற முடியாமல் குழாயில் ஏறும் அழுத்தத்தை) அளந்தே உறுதிசெய்யலாமா? துருப்பிடித்த அந்தப் போல்ட்டை உடையாமல் கழற்றியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?